டிப்ஸ்டிக்கில் ஆயில் கூடியிருக்கிறதா? மோவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்

வாசகர் கேள்வி: ஒகையோவில், கொலம்பஸுக்கு வடக்கே ஒரு ஏக்கர் மனையோடு வீடு. ஏழு வருடப் பழைய ரைடிங் மோவர், அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி. 42 அங்குல டெக், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 17.5 குதிரைசக்தி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், பெட்ரோல் டேங்க் எஞ்சின் மூடிக்கு அடியில். நவம்பரில் கராஜில் நிறுத்தியதை ஏப்ரலில்தான் எடுத்தேன். முழுச் சோக்கில் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்ததும் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அரை நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. பாதிச் சோக்கில் ஓட்டிப் பிளேடைப் போட்டாலும் அணைகிறது. ஒருமுறை பிளேடு போடாமல் 25 நிமிடம் ஓடி, பட்டென்று நின்றது. அரை மணி கழித்து மறுபடி ஓடியது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் அரைச் சுற்றில் திக்கி நிற்கிறது, இரண்டு மூன்று முறை திருப்ப வேண்டியிருக்கிறது. புது பேட்டரி, புது பிளக் போட்டும் மாற்றம் இல்லை. கடையில் கார்புரேட்டர் மாற்ற 280 டாலர், மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் "இந்தப் புல்லுக்கு நாலு மாடு வாங்கிக் கட்டியிருக்கலாம்" என்கிறார். ஒரே நல்ல விஷயம், ஆயில் குறையவில்லை. போன வருடத்தைவிடக் கூடத்தான் இருக்கிறது. கார்புரேட்டரை நானே மாற்றிவிடலாமா?

பதில்:

நல்ல விஷயம் என்று நீங்கள் எழுதிய அந்த வரிதான் கடிதத்திலேயே மோசமான செய்தி. எஞ்சினில் ஆயில் தானாகக் கூடாது. நீங்கள் ஊற்றவில்லை என்றால் பெட்ரோல் ஊற்றியிருக்கிறது. இதைப் படித்து முடிக்கும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஒரு சொட்டை சமையலறை டிஷ்யூ தாளில் விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். சுத்தமான ஆயில் திட்டாக நிற்கும். பெட்ரோல் கலந்திருந்தால் கறுப்புத் திட்டைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் ஒன்று படர்ந்துகொண்டே போகும். விரலிடுக்கில் தேய்த்தால் வழுவழுப்பே இருக்காது, தண்ணீர் மாதிரி ஓடும்.

இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், இந்த வகை எஞ்சினில், பிஸ்டனைச் சுழலும் தண்டான கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் அலுமினியம். கார் எஞ்சினில் இருப்பதுபோல நடுவில் மாற்றக்கூடிய பேரிங் ஓடு கிடையாது. அலுமினியம் நேராகக் கிராங்க்கின் மேல் உட்கார்ந்து சுழல்கிறது. இரண்டுக்கும் இடையே இருப்பது ஆயில் படலம் ஒன்றுதான். பெட்ரோல் அந்தப் படலத்தைக் கழுவிவிட்டால் ராட் கிராங்க்கைக் கவ்வும், பிறகு முறியும், சில சமயம் எஞ்சின் சுவரையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பிறகு பேச வேண்டியது 280 டாலரைப் பற்றி அல்ல, புது எஞ்சினைப் பற்றி.

இனி நோயைப் பார்ப்போம். சோக்கில் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் ஏறி இறங்கி அணைகிறது. இந்த ஒரு வரியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஓடுகிறது என்றால் பிளக்கில் பொறி வருகிறது. பொறிக்கு மின்சாரம் தரும் காயில் வேலை செய்கிறது. கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் மின்சார சொலினாய்டும் திறக்கிறது. பெட்ரோல் போதாததுதான் குறை. சோக் காற்றை அடைக்கும்போது எஞ்சின், பெட்ரோல் வரும் சிறு ஓட்டையான ஜெட்டை இன்னும் பலமாக உறிஞ்சுகிறது. ஓட்டை பாதி அடைந்திருந்தாலும் ஏதோ கொஞ்சம் வந்துவிடுகிறது. சோக்கை எடுத்ததும் உறிஞ்சல் குறைகிறது, பெட்ரோல் போதவில்லை, வேகம் விழுகிறது. விழுவதைக் கண்டு, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் த்ராட்டிலை முழுக்கத் திறக்கிறது, வேகம் எகிறுகிறது, கவர்னர் மூடுகிறது. அந்த ஏறி இறங்கும் சத்தம் இந்த இழுபறிதான். ஆக, நீங்கள் மாற்றிய பிளக்குக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை. டி.வி.எஸ். 50 காலத்துப் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு: வண்டி நின்றால் முதல் கை பிளக்குக்குப் போகும், அடுத்த கை உப்புத்தாளுக்கு.

கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போதவில்லை, ஆயிலிலோ பெட்ரோல் நிறைந்திருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று கேட்பீர்கள். ஒரே அழுக்கு இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நவம்பரில் டேங்க்கில் விட்ட பெட்ரோல் ஐந்து மாதத்தில் ஆவியாகி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் மஞ்சள் பிசினாக நின்றிருக்கும். அதில் உள்ள எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து, அந்தத் தண்ணீர் கிண்ணத்தின் அடியில் தங்கி, உலோகத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கியிருக்கும். பிசின் ஜெட்டை அடைத்தது. பொடியில் ஒரு துகள், மிதவையோடு ஏறி இறங்கும் ஃப்ளோட் நீடிலின் முனையில் சிக்கிக்கொண்டது. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வரவை நிறுத்த வேண்டியது அந்த நீடில். அது முழுக்க மூடவில்லை. உங்கள் மோவரில் டேங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கிய பெட்ரோல் கிண்ணம் தளும்பி, உள்வாங்கு குழாய் வழியே சிலிண்டருக்குப் போய், பிஸ்டன் ரிங் இடுக்கில் வழிந்து ஆயிலில் கலந்துவிட்டது.

இன்னொரு வழியும் உண்டு. டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஹோஸைத் தொடர்ந்து பாருங்கள். நடுவில் தீப்பெட்டி அளவு சதுரப் பெட்டி ஒன்று இருந்து, அதிலிருந்து மூன்றாவது ஹோஸ் ஒன்று எஞ்சின் உடம்புக்குள் போனால், அது எஞ்சினின் மூச்சுத் துடிப்பில் இயங்கும் பெட்ரோல் பம்ப். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால் பெட்ரோல் அந்த மூன்றாவது ஹோஸ் வழியாக நேரே ஆயிலுக்குப் போய்விடும். அந்த ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் பம்ப்பை மாற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம். டேங்க் மேலே உள்ள பல மோவர்களில் இந்தப் பம்ப்பே கிடையாது. இல்லாவிட்டால் விட்டுத்தள்ளுங்கள்.

ஸ்டார்ட்டர் அரைச் சுற்றில் திக்குவதற்குப் பேட்டரி மாற்றியும் பலன் இல்லாததில் ஆச்சரியமில்லை. இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டுமே பேட்டரி அல்ல. ஒன்று, சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்பது. திரவம் அமுங்காது, பிஸ்டன் மேலே வந்து முட்டி நிற்கும். அந்த நிலையில் விடாமல் சாவியைத் திருப்பினால் ராட் வளையும். மற்றொன்று, வால்வு இடைவெளி கூடிப்போவது. இந்த எஞ்சின்களில், ஸ்டார்ட்டர் எளிதாகச் சுற்றட்டும் என்று ஒரு வால்வைக் கடுகளவு திறந்து வைத்து அழுத்தத்தைக் கசியவிடும் ஏற்பாடு, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டில் உண்டு. திறப்பு மிகச் சிறியது. வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி கூடினால் அந்தத் திறப்பை இடைவெளியே விழுங்கிவிடும். முழு அழுத்தத்தை எதிர்த்துச் சுற்ற முடியாமல் ஸ்டார்ட்டர் திக்கும். ஏழு வருடமாக வால்வைத் திறந்தே பார்க்காத பிரிக்ஸின் ஒற்றை சிலிண்டர் 'இன்டெக்' வரிசை எஞ்சினில் இது சர்வ சாதாரணம். எத்தனையோ பேர் இதற்காகப் பேட்டரி, ஸ்டார்ட்டர், ரிலே என்று வரிசையாக வாங்கிப் போட்டிருப்பார்கள். தேவைப்பட்டது இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜும் அரை மணி நேரமும்தான்.

வேலைக்கு இறங்கலாம். ஒரு சனிக்கிழமை போதும். கராஜுக்குள் வேண்டாம், மோவரை வெளியே சமதளத்துக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். கராஜில் வாட்டர் ஹீட்டர் இருக்கும் வீடுகள் உண்டு, அதன் சிறு சுடர் போதும் பெட்ரோல் ஆவிக்கு. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், பிளக் வயரைப் பிடுங்குங்கள். டேங்க் பெட்ரோலை முழுவதும் ஒரு கேனில் வடியுங்கள். அதைக் காரில் ஊற்றிவிடலாம் என்று தோன்றும். தண்ணீர் கலந்த பெட்ரோல், காருக்கு வேண்டாம்.

பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால் சிலிண்டரில் தேங்கியது உண்மை. ஸ்டார்ட்டரைப் போடாமல், மேலே இருக்கும் ஃபேன் வலையைக் கையால் பிடித்து எஞ்சினை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். பிளக் ஓட்டை வழியே பெட்ரோல் பீய்ச்சினாலும் பீய்ச்சும், முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். எங்காவது பிடித்துப் பிடித்துச் சுற்றுகிறதா, உள்ளே கரகரவென்கிறதா என்று கவனியுங்கள். பிடித்தால் ராட் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறது. அதோடு நிறுத்திக்கொண்டு கடைக்குப் போங்கள். இனி எழுதப்போகும் எதுவும் அதற்கு உதவாது. வழுக்கிச் சுற்றினால் தப்பித்தீர்கள்.

ஆயிலை வடியுங்கள். பக்கவாட்டில் வடிகுழாய் இருக்கும். ஆயில் ஃபில்டர் இருந்தால் அதையும் கழற்றுங்கள், அதற்குள்ளும் இதே கலவைதான் நிற்கிறது. வாகன உதிரிபாகக் கடைகள் பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும். ஆனால் பெட்ரோல் கலந்ததை மறுத்துவிடுவார்கள். அதையும் பழைய பெட்ரோலையும் உங்கள் கவுன்ட்டியின் அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுங்கள். புது ஆயிலை இப்போதே ஊற்ற வேண்டாம். கார்புரேட்டர் வேலை முடியட்டும்.

கார்புரேட்டரை மாற்றலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. மாற்றலாம். ஆனால் முதலில் திறந்து பாருங்கள். இணையத்தில் இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கும் நகல் கார்புரேட்டர்கள் சிலருக்கு நன்றாக ஓடுகின்றன. பலருக்கு ஜெட் அளவு பொருந்தாமல் அதே ஏறி இறங்கும் சத்தம் புதிதாக வந்து சேர்கிறது. அரிப்பு ஆழமாகப் போகாத அசல் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, புது நீடில், கேஸ்கெட் போடுவதே என் சிபாரிசு. பாகம் வாங்கும்போது மோவர் பெயரைச் சொல்லிப் பயனில்லை. எஞ்சினின் மேல்கூட்டில் மாடல், டைப், கோட் என்று மூன்று எண் பொறித்திருக்கும், அவற்றைக் கொடுங்கள். மாடல் 31 என்று தொடங்கினால் 31 கன அங்குலம், ஏறக்குறைய 500 சிசி. கோட் எண்ணின் முதல் ஆறு இலக்கம் எஞ்சின் பிறந்த நாள்: 190412 என்றால் 2019 ஏப்ரல் 12. கீழே நான் தரும் அளவுகள் இந்த 31 வரிசைக்கானவை; உங்களுடையது வேறாக இருந்தால் அதன் கையேட்டைப் பாருங்கள்.

கழற்றும் முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். குறிப்பாக, த்ராட்டிலுக்கும் கவர்னர் கைக்கும் நடுவே ஒரு கம்பியும் அதையொட்டி மெல்லிய ஸ்பிரிங் ஒன்றும் இருக்கும். எந்தத் துளையில் மாட்டியிருந்ததோ அதே துளையில்தான் திரும்ப மாட்ட வேண்டும். மாறினால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடும், கீழே பிளேடும் அதே வேகத்தில் சுற்றும், வேடிக்கையான விஷயமில்லை. ஏர் ஃபில்டரை எடுக்கும்போது தாள் நனைந்திருந்தால் தூக்கிப்போட்டுப் புதியது வாங்குங்கள், காய்ந்தால் சரியாகிவிடும் என்று வைத்திருக்காதீர்கள். மேலே சுற்றியிருக்கும் நுரை உறையைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் போதும்.

அடிக்கிண்ணத்தைக் கழற்றுங்கள். சில மாடலில் சொலினாய்டே கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட், சிலவற்றில் தனித் திருகுகள். கழற்றும்போதே கிண்ணத்தை ஆட்டாமல் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்: அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டால், வெள்ளைப் பொடி படிந்திருந்தால், என் ஊகம் சரி. ஃப்ளோட்டின் அச்சுக் கம்பியை இழுத்தால் ஃப்ளோட்டும் நீடிலும் சேர்ந்து வரும். நீடிலின் கூம்பு முனையை விரல் நகத்தால் வருடுங்கள். வளையமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அது தேய்ந்துவிட்டது.

நடுத்தூணில் பித்தளை ஜெட் இருக்கும். அகலம் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் கழற்றுங்கள். பொருந்தாத திருப்புளி பித்தளையைச் சிதைத்துவிடும். ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்தால் ஓட்டை வட்டமாக, கூர்மையான விளிம்போடு தெரிய வேண்டும். மங்கலாகவோ பிறை மாதிரியோ தெரிந்தால் அடைப்பு. கார்ப் கிளீனரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஸ்பீக்கர் வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையால் குத்தி எடுங்கள். ஊசி, ஸ்டீல் கம்பி, துளைபோடும் பிட் எதுவும் கூடாது. ஓட்டை தலைமுடி அளவு பெரிதானாலும் எஞ்சின் கறுப்புப் புகை விடும். அந்தத் தூணின் பக்கவாட்டில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும், த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் இன்னும் இரண்டு மூன்று. ஒவ்வொன்றிலும் கிளீனர் குழலை வைத்து அடியுங்கள். ஒரு துளையில் அடித்தால் இன்னொன்றில் வெளிவர வேண்டும், வராத துளைதான் குற்றவாளி. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கிளீனர் எந்த நேரமும் உங்கள் கண்ணை நோக்கியே திரும்பி அடிக்கும். ரப்பர் பாகங்கள் மேலும் சொலினாய்டு மேலும் கிளீனர் படவேண்டாம்.

நீடில் உட்காரும் இருக்கையை, அதாவது பெட்ரோல் நுழையும் ஓட்டையின் வாயை, பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்துப் புது நீடிலைப் போடுங்கள். மூடுவதற்கு முன் ஒரு சோதனை: கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட்டின் எடையே நீடிலை மூடும். பெட்ரோல் நுழைவில் சிறு ரப்பர் பல்ப் பம்ப்பால் மெல்லக் காற்றடியுங்கள். துளிகூடப் போகக் கூடாது. நிமிர்த்தினால் தாராளமாகப் போக வேண்டும். தலைகீழாக இருக்கும்போதே காற்று சீறினால் இந்தக் கார்புரேட்டருக்கு மறுபடி பெட்ரோல் காட்டாதீர்கள்; இருக்கை அரித்துவிட்டது, அப்போதுதான் புதியது வாங்கும் நேரம்.

திரும்ப மாட்டும்போது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே புது கேஸ்கெட் போடுங்கள். பழையது காற்றை உள்ளே விட்டால் அதுவும் இதே ஏறி இறங்கும் நோயைத்தான் கொடுக்கும், நீங்கள் ஜெட்டைச் சந்தேகித்துக்கொண்டே இருப்பீர்கள். பெட்ரோல் ஹோஸ் வெடித்திருந்தால் உள்விட்டம் கால் அங்குல ஹோஸ், ஃபில்டரும் புதியது, அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்த்து. அந்த ஹோஸின் நடுவிலேயே ஒரு சிறு திறப்பு வால்வும் செருகிவிடுங்கள். ஐந்து பத்து டாலர் சாமான். இனி ஒவ்வொரு முறை வெட்டி முடித்ததும் அதை மூடினால், நீடில் என்றாவது மறுபடி ஏமாற்றினாலும் பெட்ரோல் ஆயிலுக்குப் போகாது. எஞ்சின் தயாரிக்கிறவர்களே இதை ஏன் எல்லா மோவரிலும் போட்டுத் தரவில்லை என்பது புரியாத விஷயம்.

பிளக் வெளியே இருக்கும்போதே வால்வையும் பார்த்துவிடுங்கள். வால்வு மூடியைக் கழற்றினால் இரண்டு ராக்கர் தெரியும். பிளக் ஓட்டையில் ஒரு மரக்குச்சியை விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரவேண்டும். அங்கே நிறுத்தாமல் அதே திசையில் இன்னும் கால் அங்குலம் பிஸ்டன் கீழே இறங்கும்வரை சுற்றுங்கள். இந்தக் கால் அங்குலத்தைத் தவறவிட்டால், நான் மேலே சொன்ன அழுத்தம் கசியவிடும் ஏற்பாடு வால்வைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது அளப்பீர்கள். எல்லாக் கணக்கும் தப்பாகும். கார்புரேட்டர் பக்கத்து வால்வுக்கு 0.003 முதல் 0.005 அங்குலம், சைலன்சர் பக்கத்து வால்வுக்கு 0.005 முதல் 0.007 அங்குலம். ஃபீலர் தகடு லேசான இழுப்போடு போய்வர வேண்டும். ராக்கர் நட்டின் நடுவில் இருக்கும் பூட்டுத் திருகைத் தளர்த்தி, நட்டைச் சரிசெய்து, பூட்டியபின் மறுபடி அளந்து பாருங்கள், பூட்டும்போது நகர்ந்துவிடும். இடைவெளி சரியாக இருந்தும், சிலிண்டர் காய்ந்திருந்தும் ஸ்டார்ட்டர் திக்கினால் கேம் ஷாஃப்டில் உள்ள ஏற்பாடே உடைந்திருக்கும். அது எஞ்சினைப் பிளக்கும் வேலை.

இப்போது ஆயில். எஸ்ஏஇ 30, மொத்தம் சுமார் 48 அவுன்ஸ், 1.4 லிட்டர். முதலில் 40 அவுன்ஸ் ஊற்றி, இரண்டு நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பெட்ரோல் ஊறிய எஞ்சினின் உள்மூலைகளில் பழைய கலவை ஒட்டியிருக்கும். ஒரு மணி நேரம் புல் வெட்டியபின் இந்த ஆயிலையும் வடித்து மாற்றுவது பத்துப் பன்னிரண்டு டாலர் செலவு, கணக்குப் பார்க்காதீர்கள். பிளக் இடைவெளி 0.030 அங்குலம். நீங்கள் வாங்கிய புது பிளக் வீண்போகவில்லை, துடைத்து அதையே போடுங்கள்.

புது பெட்ரோல் வாங்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. பம்ப்பில் 'அன்லெடட் 88' என்று சில சென்ட் மலிவாக இருப்பது இ15, அதாவது 15 சதவீதம்வரை எத்தனால். கார் 2001 மாடல் அல்லது அதற்குப் பிந்தையது என்றால் போடலாம். மோவரில் போடக்கூடாது, அமெரிக்கச் சட்டப்படியே கூடாது. பம்ப்பில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிறச் சீட்டு அதைத்தான் சொல்கிறது. சாதாரண 87 ஆக்டேன் இ10 போதும். எத்தனால் கலக்காதது கிடைத்தால், குறைந்தபட்சம் சீசனின் கடைசி டேங்க்குக்காவது அதை வாங்குங்கள். திறந்த கேனில் பெட்ரோல் முப்பது நாளில் பழசாகத் தொடங்கும். ஸ்டெபிலைசரை வாங்கிய அன்றே ஊற்ற வேண்டும், கெட்ட பெட்ரோலை அது உயிர்ப்பிக்காது. நவம்பரில் ஸ்டெபிலைசர் கலந்த பெட்ரோலோடு பத்து நிமிடம் ஓட்டி, பிறகு புதிதாகப் போட்ட திறப்பு வால்வை மூடிவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை விடுங்கள். கிண்ணம் காலியாக இருந்தால் பிசின் எங்கே வரும்?

ஸ்டார்ட் செய்யுங்கள். சோக்கில் பிடித்து, ஒரு நிமிடத்தில் சோக்கை எடுத்தால் ஒரே சீராக ஓட வேண்டும். பிளேடு போடும்போது த்ராட்டில் முழு வேகத்தில் இருக்கட்டும். பாவம் பார்த்து மெதுவாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபேன் அதே கிராங்க்கில்தான் இருக்கிறது, மெதுவாக ஓட்டினால் எஞ்சின் சூடாகும், புல்லும் சரியாக வெட்டாது. முழு வேகத்தில் சீராக ஓடியும் பிளேடு போட்டதும் அணைந்தால், பிளக் வயரைப் பிடுங்கிவிட்டு, கையுறை போட்டு ஒவ்வொரு பிளேடையும் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பிளேடின் அச்சைத் தாங்கும் ஸ்பிண்டில் பேரிங்தான் குறை. இருக்கையில் அசைந்து உட்கார்ந்தால் மட்டும் அணைகிறது என்றால் இருக்கைக்கு அடியில் உள்ள சுவிட்ச்.

அன்று சாயங்காலம் திறப்பு வால்வை வேண்டுமென்றே திறந்து வைத்துவிட்டு, டிப்ஸ்டிக்கில் ஆயில் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோவர் வெளியிலேயே இருக்கட்டும். மறுநாள் காலையில் அதே இடத்தில் நின்றால் நீடில் பிடித்துவிட்டது. ஒரு நூல் ஏறியிருந்தாலும் கார்புரேட்டரைத் திரும்ப இறக்க வேண்டியதுதான்.

25 நிமிடத்தில் பட்டென்று நின்றதைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அது மேற்சொன்னவற்றோடு சேரவில்லை. பெட்ரோல் தீர்ந்து நிற்கும் எஞ்சின் தடுமாறித் தடுமாறி அணையும். சுவிட்சைப் போட்டதுபோல அணைந்தால் பொறி நின்றுவிட்டது என்று பொருள். நின்ற உடனே ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றியதா என்று நீங்கள் எழுதவில்லை. சுற்றவே இல்லை என்றால் அது நீர்த்த ஆயிலில் ராட் சூடேறிக் கவ்வி, ஆறியபின் விட்டிருக்கலாம். ஆயில் வடிக்கும்போது வெள்ளி மினுக்கு தெரிகிறதா என்று பாருங்கள், அது அலுமினியம். சுற்றியது என்றால் காயில். சூடானதும் செத்து, ஆறியதும் பிழைப்பது அதன் வழக்கமான குணம். காயில் வாங்கும் முன் எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றிப் பாருங்கள். ஐந்து மாதம் கராஜில் நின்ற மோவரில் எலி கூடு கட்டியிருந்தால் குளிர்விக்கும் தகடுகளுக்குள் காற்றே போகாது. அந்தச் சூட்டில் எந்தக் காயிலும் தாங்காது. எலி வயரையும் கடித்திருக்கலாம். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைந்தாலும் இருபது முப்பது நிமிடத்தில் நிற்கும், ஆனால் அது தடுமாறி நிற்கும். மூடியைத் தளர்த்தினால் ஓடினால் மூடிதான்.

எட்டுப் பத்து டாலருக்கு, பிளக்குக்கும் வயருக்கும் நடுவே மாட்டும் பொறி காட்டும் விளக்கு கிடைக்கும். ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வெட்டுங்கள். அடுத்த முறை நின்றதும், ஆறவிடாமல், அங்கேயே மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பாருங்கள். விளக்கு மின்னாவிட்டால், காயிலில் சேரும் மெல்லிய அணைப்பு வயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். இப்போது மின்னினால் காயில் நல்லது, குறை சுவிட்சிலோ வயரிலோ இருக்கிறது. வயரைத் திரும்ப மாட்டாமல் புல் வெட்டப் போய்விடாதீர்கள், அது இல்லாமல் சாவியாலும் எஞ்சினை அணைக்க முடியாது, நீங்கள் இருக்கையிலிருந்து விழுந்தாலும் பிளேடு நிற்காது. அப்போதும் மின்னாவிட்டால் புதுக் காயில். ஃப்ளைவீலின் காந்தத்திலிருந்து 0.010 முதல் 0.014 அங்குலம் தள்ளிப் பொருத்துங்கள். விளக்கு முதலிலேயே மின்னினால் மறுபடி எழுதுங்கள், ஆயிலில் என்ன தெரிந்தது என்பதையும் சேர்த்து.